வலிக்கும் என்று எழுதியவர்

கடைத்தெரு முனையைத் தாண்டிப் போகிறவர்கள் யாரும் மைக் அண்ணனின் குரலுக்குத் தப்ப முடியாது. பாத்திரக்கடை வாசலில் ஒரு மேசை. மேசைமேல் மின்சார அடுப்பு, பளபளவென்று வாணலிகள், காய் சீவும் கருவி, சீவித் தள்ளிய கேரட் ஒரு குவியல். பின்னால் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு அவர். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை வாய் ஓயாது.

“ஒட்டாதுங்க, கருகாதுங்க, தேயவே தேயாதுங்க! இன்னைக்கு நீங்க வாங்கினா நாளைக்கு உங்க பேரன் பேத்தியும் இதுலதான் சமைப்பாங்க!”

பேரன் பேத்தி கிடக்கட்டும், மறு வருஷமே வாணலி பல்லிளித்துவிடும். அது அவருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வந்து அவர் சட்டையைப் பிடித்ததில்லை. அவர் அளந்துவிடுகிற அழகை நின்று கேட்டு, சிரித்துவிட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். அவருடைய சொந்தப் பேர் கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது. மைக் அண்ணன் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

தெருவையே நம்பவைக்கிற இந்த மனுஷனை வீட்டில் ஒருத்தி நம்புவதில்லை. அவருடைய ஒரே மகள்.

மகளுக்குப் பதினான்கு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு அளவாகத்தான் வரும். ஆனால் எதைக் கொடுத்தாலும் கடகடவென்று படித்துவிடுவாள். பூட்டு என்றால் உயிர். ஒரு கொத்துச் சாவியையும் ஒரு பூட்டையும் கையில் கொடுத்தால் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்து எது எதற்கு என்று கண்டுபிடித்து வைப்பாள். சத்தம் ஆகாது. திடுதிப்பென்று எது நடந்தாலும் ஆகாது. நடக்கப்போவதை முன்னாலேயே சொல்லி, சொன்னபடியே நடந்துவிட்டால் அவளைப்போல் சமர்த்தைப் பார்க்க முடியாது.

அந்த இடத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் முன்னால் அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. “வலிக்கவே வலிக்காதுடா கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று வாணலி விற்கிற அதே குரலில் சொல்லிக் கூட்டிப்போனார். போன இடத்தில் நரம்பு அகப்படவில்லை. ஒரு கையில் குத்தி, உருவி, மறுகையில் குத்தினார்கள். அவள் கண்ணை மூடித் திறந்தாள், முடியவில்லை. மறுபடியும் மூடித் திறந்தாள். அப்புறம் அலறின அலறலில் கட்டடமே எழுந்து வந்தது. அலறலைக்கூட அவர் மறந்துவிடுவார். அது ஓய்ந்தபிறகு அவள் அவரைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதைத்தான் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அப்பா வாயிலிருந்து எது வந்தாலும் அம்மாவிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்வாள். “வெளிய மழை, குடையை எடுத்துக்கோ” என்பார். நேராகச் சமையலறைக்குப் போவாள்.

“அம்மா, மழை பெய்யுதுன்னு அப்பா சொல்றாங்க. நிஜமா?”

அம்மா ஜன்னலை எட்டிப் பார்த்து “நிஜம்தாம்மா” என்றால்தான் குடையில் கை வைப்பாள். சாப்பாடு தயார் என்றாலும் அதே கேள்வி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றாலும் அதே கேள்வி. அவளிடம் கோபமோ குத்தலோ கிடையாது, பாவம். பூட்டிய பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிற மாதிரிதான் அவளுக்கு. அவருக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். எத்தனை பேர் கைதட்டினால் என்ன, வீட்டுக்கு வந்தால் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை. பெண்டாட்டியிடம் சொல்லி அங்கலாய்த்தால், “நான் என்னங்க பண்ணட்டும்? நீங்க வாயைத் திறந்தா நானே பாதியைத் தள்ளுபடி பண்ணிட்டுத்தான் கேக்கறேன்” என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறில் சீழ் கட்டி, கன்னம் வீங்கிப்போனது. பல் டாக்டர் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடியவைத்தார். ஆனால் பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் வீக்கம் திரும்பிவரும் என்றார். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் இங்கேயே சுருக்கமாக முடித்துவிடலாம். திறக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான். அங்கே முறை வருவதற்குள் மாசங்கள் ஓடிவிடும். அம்மாவோ ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் பொத்தென்று சாய்கிற ரகம். ஆக, கூட்டிப்போக வேண்டியது அப்பா. வலிக்காது என்று சொன்ன அதே அப்பா!

வேறு வழி தெரியாமல் மகள் படிக்கிற பள்ளிக்குப் போய், எல்லோரும் கதை டீச்சர் என்று கூப்பிடுகிற டீச்சரைப் பிடித்தார்.

கதை டீச்சரின் கதைகளில் ராஜாவும் கிடையாது, நரியும் கிடையாது. வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு கதை. விளையாட்டில் தோற்றுப்போவதைப் பற்றி ஒரு கதை. ஒருவர் தம் புதுச் சட்டையைக் காட்டி நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்லலாம் என்று ஒரு கதை. எல்லாம் நாலைந்து பக்கம்தான். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு மூன்று வரி. ‘நான்’ என்றுதான் ஆரம்பிக்கும், படிக்கிற பிள்ளையே சொல்கிற மாதிரி. என்ன நடக்கும், மற்றவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள், நான் என்ன செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். முதலில் படிப்பார்கள், அப்புறம் வகுப்பிலேயே நடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் நிஜமான இடத்துக்குப் போவார்கள். வகுப்பில் ஆறடி உயரத்துக்கு ஒரு பையன். எதிரே வருகிறவர்களையெல்லாம் கட்டிப்பிடித்து மூச்சுத் திணற அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்காக டீச்சர் கைகுலுக்குவதைப் பற்றி ஒரு கதை எழுதினார். இப்போது ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு திரிகிறான். ஆனால் அதைப் பார்த்துக்கூட டீச்சர் சிரிக்கமாட்டார். அவ்வளவு கறார்.

“பல் பிடுங்கறதுக்கு ஒரு கதை எழுதிக் கொடுங்க டீச்சர். புண்ணியமாப் போகும்.”

“நீங்களே எழுதுங்க.”

“நானா? எனக்குக் கதை விடத்தான் தெரியும்.”

“தெரியும். உங்க மைக் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது” என்றார் டீச்சர். “கூட்டிட்டுப் போறது நீங்கதானே? அப்ப நீங்கதான் எழுதணும். நீங்க வாயால சொல்றதை அவ நம்பல. ஆனா எழுதிக் கொடுத்தா ஒவ்வொரு வரியா நடக்குதான்னு பாத்துக்கிட்டே வருவா. எல்லாம் நடந்துச்சுன்னா நீங்க பிழைச்சீங்க. ஒரு வரி பொய்யாப் போனாலும் போச்சு. அப்புறம் நான் எழுதினாக்கூட நம்பமாட்டா.”

அன்று ராத்திரியே பேனாவோடு உட்கார்ந்தார்.

முதலில் எழுதியதை எடுத்துக்கொண்டு போனார். டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ‘நான் உலகத்திலேயே சிறந்த பல் டாக்டரிடம் போகிறேன்.’

“உலகம் பூராச் சுத்திப் பாத்துட்டு வந்தீங்களா?” அடித்தார்.

‘சொடக்குப் போடும் நேரத்தில் பல் வந்துவிடும்.’

“போடுங்க.”

போட்டார்.

“வந்துடுச்சா?” அதையும் அடித்தார்.

‘நான் தைரியசாலி. அழவே மாட்டேன்.’

இந்த இடத்தில் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அழுதுட்டான்னா? அப்ப அவ தைரியசாலி இல்லைன்னு ஆயிடுமா?”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை ரொம்ப அடக்கமாகத்தான் எழுதிக்கொண்டு போனார். ‘ஊசி போடும்போது கொஞ்சம் வலிக்கலாம்.’ டீச்சர் விடவில்லை. “கொஞ்சம்னா எவ்வளவு? எங்க வலிக்கும்? எது மாதிரி இருக்கும்? அவ இதைத்தானே கேப்பா?”

“எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? நான் பல்லே பிடுங்கினது கிடையாதே!”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூடின வாய்க்குள்ளே இடது பக்கத்தில் ஒரு பல் வருஷக்கணக்காக அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. வலது பக்கமாகவே மென்று, கிராம்பை அடக்கிக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். காரணம் வேறொன்றுமில்லை. ஊசி என்றால் மனுஷனுக்குக் குலைநடுக்கம். மகளிடம் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று சொல்லிக் கூட்டிப்போனவரின் லட்சணம் இதுதான்.

மறுநாள் பல் டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டர் கலகலப்பான இளம்பெண்.

“முதல்ல என் பல்லைப் பிடுங்குங்க டாக்டர். ஆனா ஒவ்வொண்ணா, என்ன பண்றீங்கன்னு சொல்லிட்டுப் பண்ணணும். எனக்கு எழுதணும்.”

“பல் பிடுங்கறதைப் பத்தியா? யார் படிக்க?”

“எம் பொண்ணு.”

டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கையுறையை மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்த மைக் அண்ணன் கைப்பிடியைப் பிடித்த பிடியில் அது கழன்று வராதது அதிசயம். ஈறில் தடவின மருந்து கசந்தது. ஊசி நறுக்கென்று கிள்ளியது. கிள்ளிவிட்டு உடனே விடவில்லை, மருந்து இறங்குகிற வரைக்கும் கிள்ளிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் உதடு யாருடையதோ மாதிரி தடித்துப்போனது. பல்லை அசைக்கும்போது வலியில்லை, ஆனால் தாடையையே பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஓர் அழுத்தம். கடைசியில் தலைக்குள்ளே மடக்கென்று ஒரு சத்தம் கேட்டதும் துள்ளி எழப்பார்த்தார். அந்தச் சத்தத்தைப் பற்றி இதுவரைக்கும் யாருமே அவரிடம் சொன்னதில்லை.

“பயப்படாதீங்க. பல்லுதான்” என்றார் டாக்டர்.

மறுநாள் வீங்கின கன்னத்தோடு மேசைக்குப் பின்னால் நின்று, வாயைத் திறக்காமல் கேரட் சீவினார். கடைத்தெருவே என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தது. “மைக் ரிப்பேரா, ஆளே ரிப்பேரா?” என்று முதலாளி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எழுதியதில் டீச்சரின் சிவப்புப் பேனா இறங்கவில்லை. ‘ஊசி போடும்போது வலிக்கும். யாரோ ஈறைக் கிள்ளிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். பிறகு விட்டுவிடும். எனக்கு அழுகை வரலாம். அழுதால் பரவாயில்லை. பிறகு உதடு தடித்த மாதிரி இருக்கும். பல் வரும்போது தலைக்குள்ளே மடக்கென்று சத்தம் கேட்கலாம். அது பல்லின் சத்தம். நான் நிறுத்தச் சொல்ல நினைத்தால் இடது கையைத் தூக்குவேன். டாக்டர் நிறுத்துவார்.’ டீச்சர் இரண்டு வரிதான் கூடுதலாகச் சேர்த்தார். ‘நான் புது இடத்தில் கேள்வி கேட்பேன். அது நல்ல பழக்கம்.’ படங்கள் எல்லாம் அந்த டாக்டரின் அறையிலேயே எடுத்தவை. அதே நாற்காலி, அதே விளக்கு, அதே டாக்டர்.

வகுப்பில் நடித்துப் பார்த்தார்கள். கைகுலுக்குகிற பையன்தான் பல் டாக்டர். நோயாளிக்குக் கை கொடுக்காமல் அவன் வைத்தியத்தை ஆரம்பிக்கவே இல்லை. மகள் இடது கையைத் தூக்கினால் அவன் நிறுத்த வேண்டும். அந்தப் பாடம் மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாக ஏறிவிட்டது. ஒருவர் தூக்குவதும் ஒருவர் நிறுத்துவதுமாக அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மகள் கதையை முழுக்கப் படித்தாள். வழக்கம்போல அம்மாவிடம் போனாள்.

“அம்மா, ஊசி வலிக்கும்னு அப்பா எழுதியிருக்காங்க. நிஜமா?”

“எனக்கென்னடி தெரியும்? அப்பாதான் போய்ப் பிடுங்கிக்கிட்டு வந்தாங்க. அங்க போய்க் கேளு.”

அவள் திரும்பி வந்து அவர் எதிரே நின்றாள். கேட்கவில்லை. “வாயைத் திறங்க” என்றாள். திறந்தார். குனிந்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, பல் இருந்த ஓட்டையைப் பூட்டைப் பார்க்கிற மாதிரி ஊன்றிப் பார்த்தாள். பிறகு கதையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நம்பினாளா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

போகிற நாள் வந்தது. கதை அவள் மடியில். காத்திருக்க வேண்டி வரும் என்று எழுதியிருந்தது, காத்திருந்தார்கள். நாற்காலி பின்னால் சாயும் என்று எழுதியிருந்தது, சாய்ந்தது. விளக்கு கண்ணைக் கூசும் என்று எழுதியிருந்தது, கூசியது. ஒவ்வொன்று முடிந்ததும் அந்த வரியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அவளுடைய ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சு ஒரு படி இறங்கி வந்தது. மருந்து கசந்தது. தட்டினாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர், நாளெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகின வாயாயிற்றே, தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

“வாயைத் திற கண்ணு. வலிக்கவே வலிக்காது.”

மகள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். இடது கை மேலே போனது. டாக்டர் நிறுத்தினார். அவள் எழுந்து உட்கார்ந்து கதையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“வலிக்கும்னு அப்பா எழுதியிருக்காங்க. வலிக்காதுன்னு டாக்டர் சொல்றாங்க. எது நிஜம்?”

அவர் முக்காலியின் நுனிக்கு வந்தார். வலிக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கணமே படுத்துவிடுவாளோ என்று பழைய வாய் துறுதுறுத்தது. டாக்டரும் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். படித்தவர், அதுவும் ஊசியும் கையுமாக நிற்கிறவர். அவரை எதிர்த்துப் பேசி, மகள் பயந்து இறங்கி ஓடிவிட்டால்? ஓடட்டும். இன்னொரு தடவை அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியாது.

“டாக்டர் தப்பாச் சொல்றாங்கடா. வலிக்கும். எனக்கு வலிச்சுது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு” என்றார். எத்தனையோ வருஷமாகக் கூவிக் கூவி விற்கிறவர், வலிக்கும் என்று சொல்லி ஒன்றைத் தள்ளப்பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல பெண். “ஆமா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஊசி போடும்போது வலிக்கும். அப்பா சொன்னதுதான் சரி.”

மகள் கதையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தானே பின்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

வலித்தது. முனகினாள், கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, கை மேலே போனது. டாக்டர் நிறுத்தினார். கை இறங்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் தூக்கினாள். இந்தத் தடவை வலிக்காகத் தூக்கின மாதிரி தெரியவில்லை. நிற்கிறாரா என்று பார்க்கத்தான் தூக்கினாள், டாக்டரும் சளைக்காமல் நின்றார். கடைசியில் மடக்கென்ற சத்தம் அவளுக்குள்ளே கேட்டிருக்க வேண்டும். புருவம் ஏறி இறங்கியது. மடியில் இருந்த கதையைத் தடவி, பார்க்காமலே ஒரு தட்டுத் தட்டினாள்.

பல் தட்டில் விழுந்தது. அப்பாடா! அவர் முக்காலியை விட்டு எழுந்தார். டாக்டருக்குக் கும்பிடு போட்டார், உதவிக்கு நின்ற பெண்ணுக்குப் போட்டார், சாய்ந்துகிடந்த நாற்காலிக்கும் சேர்த்து ஒன்று போட்டார். பஞ்சைக் கடித்தபடி மகள் வெளியே உட்கார்ந்திருந்தபோது பெண்டாட்டிக்கு போன் போட்டு, “முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது” என்றார். அந்தப் பக்கம் அவள் விசும்பியது கேட்டது. இவருக்கு நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

டாக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். வாசற்படிக்கு வந்ததும் மகள் நின்றுவிட்டாள். உதட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முகம் மாறியது. கதையைப் பிரித்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்து, திருப்பிப் பின்புறமும் பார்த்தாள்.

“உதடு தடிச்சே இருக்கு. எப்ப சரியாகும்? கதையில இல்ல.”

எல்லாவற்றையும் எழுதியவர் அதை மட்டும் எழுத விட்டுவிட்டார். கேட்பதற்கு அம்மாவும் பக்கத்தில் இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“இந்தா கண்ணு. அம்மாகிட்ட கேக்கறியா?”

“அம்மா பல் பிடுங்கினதில்ல. நீங்க சொல்லுங்க.”

இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் மட்டும் கேட்ட முதல் கேள்வி அது. ‘இதோ இப்பவே சரியாயிடும்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதை விழுங்கினார்.

“எனக்கு சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. உனக்கு எவ்வளவு நேரம் இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. சீக்கிரமும் போகலாம், மெதுவாவும் போகலாம். உள்ள போய் டாக்டரைக் கேட்டுட்டு வரலாமா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் பயந்துகொண்டிருந்தது எதுவும் இல்லை.

“வேண்டாம்” என்றாள். கதையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

மைக் அண்ணன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.